அப்பாவின் கோதுமை விற்றுப்போனது

அக்ரன், ஒஹாயோ
திங்கட்கிழமை

அன்பு மகள் ஃபோட்டினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை, உயிரோடு இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் மெல்போர்னில் சுகமாக இருக்கவேண்டும் என்று மாதா படத்துக்கு முன்னால் தினமும் விளக்கேற்றி வேண்டுகிறேன்.

அப்பாவின் நாற்பதாம் நாள் வழிபாடு நேற்று முடிந்தது. நம் தேவாலயத்தின் கிரேக்க உணவுத் திருவிழாவும் நேற்றுதான், வேறு ஞாயிறு கிடைக்கவில்லை. வாசலில் இறைச்சி சுடும் புகை, பாட்டு, கூடாரம் கூடாரமாக ஊர்ச் சனம், நடுவில் நான் கறுப்பு உடையில். செத்தவர் பேரில் படைக்கும் வழக்கப்படி கோதுமையை அவித்து மாதுளை முத்தும் பாதாமும் சர்க்கரையும் கலந்து கொண்டுபோயிருந்தேன். பாதிரியார் ஆசீர்வதித்துக் கொடுத்ததும் அதைக் கிண்ணங்களில் போட்டுச் சமையலறையில் வைத்துவிட்டு நம் ஆட்களைக் கூப்பிடப் போனேன், திரும்பி வந்தால் ஒன்றைக்கூடக் காணோம். இனிப்பு மேசையைப் பார்த்துக்கொள்ளும் கிழவி ஸாஃபிரோ, கண்ணாடி போடாமல், எல்லாவற்றையும் பக்லாவாவுக்குப் பக்கத்தில் வைத்து விற்றிருக்கிறாள். "அரிசிப் பாயசம்னு நெனச்சேன்டி, வெலை எழுதலையேன்னு நானே ஒண்ணு போட்டுட்டேன், என்னமா ஓடுச்சு தெரியுமா" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதைத் தின்றவர்கள் 'கடவுள் அவரை மன்னிக்கட்டும்' என்று சொல்லவேண்டாமா, சொல்லாமல் தின்றால் அந்த மனிதருக்கு என்ன பயன்? வெட்கத்தை விட்டுக் கூடாரம் கூடாரமாகப் போய், கையில் கிண்ணம் வைத்திருந்தவர்களிடமெல்லாம் சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். சிலர் பயந்து எழுந்து போனார்கள். பெரிய ஆள் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "அவரு பேரு என்னம்மா" என்று கேட்டு, லெஃப்தேரிஸ் என்றதும் பேரோடு சொன்னார். அவர் பெண்டாட்டிதான், "மன்னிக்கிற அளவுக்கு அப்படி என்னம்மா பண்ணிட்டாரு உங்க வீட்டுக்காரரு" என்று கேட்டுவிட்டாள். "பெத்த மகளோட பேசாமலே செத்துட்டாரு" என்று என் வாயில் வந்துவிட்டது. அதற்குமேல் தாங்கவில்லை மகளே, அத்தனை பேர் முன்னாலும் உட்கார்ந்து அழுதேன்.

உன் கல்யாணத்துக்கு அவர் வராததும், நீ போன் செய்தால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவதும் எனக்கு மறக்கவில்லை. அவர் சாவுக்கு நீ வரவில்லை என்று இங்கே வாய்க்கு வந்தபடி பேசினார்கள், நான் உன்னை ஒரு வார்த்தைகூட விட்டுக்கொடுக்கவில்லை. உனக்கென்று எடுத்து வைக்க ஒரு வாய் கோதுமைகூட மிஞ்சவில்லை. நீயே ஒரு கைப்பிடி வாங்கி அவித்துக்கொள், சர்க்கரை போடுவது உன் இஷ்டம். தின்றுவிட்டு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடு.

கடவுள் உங்கள் இருவரையும் கண்போலக் காக்கட்டும். ஈரத் தலையோடு வெளியே போகாதே. முகம் தெரியாத சனமெல்லாம் அப்பாவுக்காகச் சொல்லிவிட்டது. சொல்லாமல் போனவர்களுக்குப் பதிலாக நானே சொல்லிக்கொண்டேன். உனக்குப் பதிலாக மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

உன் அம்மா,
ஸ்டமாடியா