றிஸ்வான் தந்த வயர்

ஓகஸ்ட் 6, வியாழன்

இன்று றக்வான பஜாரில் பஸ்ஸுக்கு நின்றபோது றிஸ்வான் தன் கடையிலிருந்து கூப்பிட்டான். தம்பி குமாரின் பள்ளிக்கூடக் கூட்டாளி. ஏழு வருஷமாக எங்கள் தோட்டத்து லய வீடுகள் பக்கமே வராதவன். இப்போது சொந்தமாக டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான்.

"அக்கா, பழைய சாமான்ல இது கிடைச்சிச்சு. குமாருக்குக் குடுங்க" என்று ஒரு வயரை நீட்டினான். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள். வீடியோ கேமை டிவியில் மாட்டுகிற அதே வயர். "அன்னைக்கு நான் எடுக்கல்ல அக்கா. ஆனாலும் அவன் மனசுல அது இருக்குமே."

எடுத்தது நான். அப்போது ஓ.எல் பரீட்சை நெருங்கியும் தம்பி புத்தகத்தைத் தொடவில்லை. வயரைக் கழற்றித் தகரப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் ஒளித்தேன். பரீட்சை முடிந்ததும் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவன், கடைசியாக விளையாட வந்த றிஸ்வானை லயமே பார்க்கக் கள்ளன் என்று சொல்லிவிட்டான். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம்.

இன்றும் திறக்கவில்லை. "குடுத்துர்றேன் தம்பி" என்று வாங்கிக்கொண்டேன். "டீ குடிச்சிட்டுப் போங்க அக்கா" என்றான். வராத பஸ்ஸை வந்துவிட்டது என்று சொல்லி ஓடி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குமார் கொழும்பிலிருந்து வருகிறான். இரண்டு வயர்களையும் அதே தகரப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.