கணவன் கையெழுத்து

பருத்திப்பட்டு
4 பிப்ரவரி 1946

அன்புள்ள மாமாவுக்கு தாட்சாயிணி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே அத்தை சுகம். நான் காலையில் மட்டும் சுகம். மாத்திரை போட்டுக்கொண்டால் மத்தியானம்வரை மாட்டுக்குப் புல்கூட அறுக்கிறேன். அதன் வேகம் இறங்கியதும் இமை தானாக விழுகிறது. சோற்றை மெல்லத் தாடைக்குப் பலமில்லை. சாயங்கால ரயில் ஊதினால், விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துத் தெருமுனையைப் பார்க்கிறேன்.

பட்டணத்துப் பெரிய டாக்டரே இந்த வியாதியை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறாராம். மாத்திரை என்றால் மாதம் இருபது ரூபாய், ஆயுசு முழுக்க. நெஞ்சைத் திறந்து உள்ளே இருக்கும் சதையை எடுத்தால் முந்நூறு, ஒரே தடவை. பிறகு மாத்திரை தேவைப்பட்டாலும் கொஞ்சம்தானாம். மாட்டையும் என் வளையலையும் விற்றால் பணம் வந்துவிடும். ஆனால் புருஷன் கையெழுத்து வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த சம்மதப் பாரத்தை இதோடு வைத்திருக்கிறேன். போட்டு அனுப்புங்கள்.

உறைமேல் முகவரி எதிர்வீட்டு வசந்தா எழுதியது. உங்கள் பேரை நான் சொன்னாலும் எழுதினாலும் உங்கள் ஆயுசு குறையும் என்று அத்தை விடவில்லை.

உங்கள்
தாட்சாயிணி


பம்பாய்
12 பிப்ரவரி

அன்புள்ள தாட்சாயிணிக்கு,

முந்நூறு என்று எழுதினாய். நீ செத்துப்போனால் என்ன செலவு என்று டாக்டரைக் கேட்டாயா? மில் கம்பவுண்டர் விசாரித்துச் சொன்னார், நெஞ்சைத் திறந்தவர்களில் நாலில் ஒருவர் எழுந்திருப்பதில்லையாம். இருபது ரூபாய் நான் அனுப்புகிறேன். கூடுதல் ஷிப்டும் கேட்டு வாங்கிவிட்டேன். நீ அங்கே இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் தறி முன்னால் நிற்கிறேன்.

பாரத்தைக் கிழித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. கஞ்சியாகக் குடி, மெல்ல வேண்டியதில்லை.

உன்
உலகநாதன்


பருத்திப்பட்டு
20 பிப்ரவரி

மாமா,

நாலில் ஒருத்தி சாவது எனக்கும் தெரியும். மூன்று பேர் வீட்டுக்குப் போகிறார்கள்.

உங்கள் கணக்குப்படி, மாத்திரை இருக்கும்வரை நான் இருப்பேன்; நான் இருக்கும்வரை நீங்கள் பம்பாயில் இருப்பீர்கள். மில்காரனுக்கு ஓர் ஆள், மருந்துக்காரனுக்கு ஒரு கிராக்கி. நமக்கு என்ன மிஞ்சியது? தீபாவளிக்கு வருவதாகச் சொன்னீர்கள். ரயில் காசு மாத்திரையாகி வந்தது.

உங்கள் குரல் எனக்கு மறந்துகொண்டு வருகிறது. அத்தை திட்டும்போது சில சமயம் அந்தச் சாயல் கேட்கிறது. அதற்காகவே அவரை வம்புக்கு இழுக்கிறேன்.

என் நெஞ்சைத் திறக்க என் சம்மதம் போதாது என்று எந்த மகாராஜன் எழுதிவைத்தான்? வேறு பாரம் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் நேரில் வந்து மாட்டேன் என்று சொல்லுங்கள். அதற்காகவாவது வாருங்கள்.

தாட்சாயிணி


ஆஸ்பத்திரி, சென்னை
21 மார்ச்

அன்புள்ள மாமாவுக்கு,

மாத்திரைப் பணம் வந்தது. பதில் வரவில்லை. அதனால் மாட்டையும் வளையலையும் விற்று, ஒரு காரியம் செய்தேன்.

புருஷன் இல்லாதவள் தானே கையெழுத்துப் போடலாமாம். ஆஸ்பத்திரி வாசலில் குங்குமத்தை அழித்து, தாலியைக் கழற்றினேன். நர்சம்மா புருஷன் பேர் கேட்டாள். முதல் தடவையாக என் வாயால் உங்கள் பேரைச் சொன்னேன்: "காலஞ்சென்ற உலகநாதன்."

அத்தை பக்கத்திலேயே நின்றார். வெளியே வந்த பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாடி இப்டி சொல்லிட்டே! எம் புள்ள கல்லு மாரி கீறான்டி!"

"கீறாரு அத்தே, பம்பாய்ல. இங்க இல்லியே."

அத்தை தாலியை என் கையிலிருந்து வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

நாளைக் காலை அறுக்கிறார்கள். பிழைத்தால் தாலியை நானே எடுத்துக் கட்டிக்கொள்ள மாட்டேன். நீங்கள் வந்துதான் கட்ட வேண்டும். பிழைக்காவிட்டால், அடுத்த மாத்திரைக் காசில் ரயிலேறுங்கள். அத்தை தனியாக இருப்பார்.

வசந்தா இங்கே இல்லை. உறைமேல் உங்கள் பேரை நானே எழுதியிருக்கிறேன்.

தாட்சாயிணி