பச்சைத் துணிக்கு உள்ளே

அன்புள்ள எழிலனுக்கு,

இதை எழுதும்போது கூடத்தில் நான், உன் நைனா, உன் தங்கை தமிழினி, பக்கத்துக் குடிசை நாகம்மாள் ஆக நாலு பேர் இருக்கிறோம். சிங்கவரம் பெருமாள் புண்ணியத்தில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் என்றால் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், தமிழினி படம் பிடித்து அனுப்புவாள். விஷயம் நீ போன மாதம் சொன்னதுதான். உன் ஜெர்மனி கம்பெனிக்காரர்களைத் தை மாதம் கூட்டி வரும்போது நம் ஊர்க் கோட்டையைக் காட்டிவிட்டு அப்படியே பாண்டிச்சேரி ஓட்டலுக்குப் போய்விடுகிறோம், வீட்டுக்கு வேண்டாம் என்றாய். நானும் அதுதான் மரியாதை என்று ஒத்துக்கொண்டேன். அதற்கப்புறம் நடந்ததைக் கேள்.

கோட்டையைப் பார்க்க வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று நம் ரோட்டுக்குத் தார் போட்டார்கள், குடிசைகள் தெரியாமலிருக்கப் பச்சைத் துணியும் கட்ட வந்தார்கள். எனக்குத்தான் தலைகால் புரியவில்லை. நம் நாடு உலகப் பணக்கார நாடுகளோடு சரிக்குச் சரியாக நிற்கிறது என்று டி.வி.யில் சொன்னதை ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டே எல்லோருக்கும் சொன்னவள் நான், ஏதோ நான்தான் பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி. துணி கட்டுகிற பையன்களுக்கு டீ கொடுத்து, நாகம்மாள் குடிசையை நல்லா மூடுங்கப்பா என்று நானே மேஸ்திரி வேலையும் பார்த்தேன். அவர்கள் அதை மூடிவிட்டு நிற்காமல் வந்து நம் வாசலையும் மூடினார்கள். இது மாடி வீடுப்பா, என் பையன் ஜெர்மனியில இருக்கான் என்றேன். பூசாத செவுரு எல்லாம் மூடச் சொல்லிட்டாங்கம்மா, ஜெர்மனியில இருந்தா இன்னாத்துக்கு இன்னும் பூசாம வச்சிருக்கீங்க என்று கேட்டான் ஒருவன். துணிக்கு உள்ளேயிருந்து நாகம்மாள், இன்னா தனகோட்டி, நீயும் உள்ள வந்துட்டியா, வா வா என்று சிரித்தாள் பார், பெருமாளே, எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. விருந்தாளிகள் வந்த அன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு துணியில் இருந்த கிழிசல் வழியாகத்தான் பார்த்தேன், கார்கள் சர்ரென்று போய்விட்டன. உன் நைனா, நல்லா தரிசனம் ஆச்சா என்று இன்னும் கேட்கிறார்.

நாகம்மாளைக் கோட்டை வாசலில் கொய்யாப்பழம் விற்க விடவில்லை. துணி அவிழ்க்கும்வரை கூடையோடு வீட்டில் கிடந்தாள், பழமெல்லாம் அழுகிப்போயிற்று. தினம் கணக்கு எழுதுகிறவள் நான், உலகத்துக்கு நாம் பெரிய ஆளாகத் தெரிந்த அந்த நாட்களை அவள் கணக்கில் வரவென்று எழுதுவதா, செலவென்று எழுதுவதா, தெரியவில்லை. அவள் என்மேல் கோபப்படக்கூட இல்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அதனால் கேட்கிறேன், அவர்களை வீட்டுக்கே கூட்டி வா. சுவர் பூசவில்லை, பாத்ரூமில் டைல்ஸ் இல்லை, உட்கார இரண்டு நாற்காலிதான், பாயில் உட்காரட்டும். நாகம்மாளையும் கூப்பிடுவேன், அவள் பேச்சுக்கு நீ அவர்களுக்கு அர்த்தம் சொல்லிக் கொடு. உனக்கு வெட்கமாக இருந்தால் அதையும் சொல்லிவிடு, நான் ஒருநாள் மூஞ்சைத் தூக்கி வைத்துக்கொள்வேன், மறுநாள் சமைக்கப் போய்விடுவேன். கம்பளி போடாமல் வெளியே போகாதே, சனிக்கிழமை பெருமாளை ஒரு நிமிஷம் நினை. நீ நன்றாயிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வருகிறீர்களா இல்லையா, எத்தனை பேர், சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா,
தனகோட்டி