கம்பத்தில் ஏறியவன்

ஓசூர், 1988 ஐப்பசி, வியாழன் இரவு.

போன மாதம் ஷிப்ட் முடிந்து வரும்போது, இருட்டுச் சந்தில் எவனோ என் செயினை அறுத்துக்கொண்டு ஓடினான். தெருவே விளக்குக் கேட்டு மனு கொடுத்தது.

இன்று பொழுது சாயும்போது ஒருவன் அங்கே கம்பத்தில் ஏறினான். "ஒயரு திருடறான், புடிங்கடா!" முதலில் கத்தியது என் வீட்டுக்காரர். இழுத்துப் போட்டுச் செங்கல்லால் அடித்தார்கள். "லைட் ஹாகோக்கே பந்தே அண்ணா!" விளக்குப் போட வந்தேன் என்று கன்னடத்தில் கதறினான். எங்கள் தெருவில் கன்னடம் தெரியாதவர் யார்? ஒரு கையும் நிற்கவில்லை. பல் தெறித்தது. அவன் பையை உதறினார்கள். புது பல்பு விழுந்து உடைந்தது.

தூக்கிப் போகும்போது மூச்சு இருந்தது.

"இப்படி நாலு பேர அடிச்சாத்தான் பயம் வரும்" என்கிறார் இவர், சட்டையில் ரத்தத்தோடு.

எனக்கு வந்துவிட்டது. இவர் பக்கத்தில் எப்படிப் படுப்பேன்?