பதினெட்டு அங்குலம்

மார்ச் 4, செவ்வாய்

புதுக் காரின் நிறம் முடிந்தது. சீட் முடிந்தது. இன்ஜின் ஒன்றே ஒன்றுதான், அதில் யோசிக்க எதுவும் இல்லை. வீல், டயர் பக்கத்தில் மட்டும் ஒரு வாரமாக நிற்கிறேன். பதினெட்டு அங்குலம், பத்தொன்பது, இருபது. வார்த்த வீலா, அடித்துச் செய்த வீலா. டயரில் சாதாரணம், ஸ்போர்ட், பந்தயத் தடத்துக்கான ரகம். ஒன்றைத் தொட்டால் திரையில் இன்னொன்று மங்கிப் போகிறது. இருபது போட்டால்தான் பந்தய டயர். அதோடுதான் பெரிய பிரேக்.

சாப்பிடக் கூப்பிட அக்காவே மாடி ஏறி வந்தாள். படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கேட்டால்தானே.

"இன்னும் சக்கரத்துலயே சுத்திட்டிருக்கியா, ஸ்பானர்?"

"இருபதா பத்தொன்பதான்னு பாக்குறேன்."

"பெருசு எது?"

"இருபது."

"அப்புறம் என்னடா கேள்வி? காலம் பூரா வாஷிங் மெஷின் ஆடாம பாத்துக்கறவன், ஒரே ஒரு தடவை ஆடற வண்டி வாங்கேன். ஆனா முதல் சவாரி எனக்கு. உங்க அத்தான் வந்தா கண்ணை மூடிட்டு உக்காந்திருப்பார், வேஸ்ட்."

என் வேலையைப் பற்றி அவள் சொல்வது சரிதான். துணி துவைக்கும் இயந்திரம் சுழலும்போது எவ்வளவு அதிர்கிறது என்று அளந்து, அதைக் குறைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நாளெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்க்கிற பல் டாக்டரான அவளுக்கு இதில் என்ன இளக்காரமோ.

மார்ச் 8, சனி

ஆர்டர் கொடுத்தாயிற்று. இருபது அங்குலம், அடித்துச் செய்தது, பந்தய டயர், பெரிய பிரேக். ஜூலை முதல் வாரம் வரும்.

"மழையில பாத்து ஓட்டுங்க சார், இந்த டயர் ஈரத்தைக் கண்டா கோவிச்சுக்கும்" என்றார் ஷோரூம்காரர். எனக்குத் தெரியும் என்றேன். பேச்சு அதிகம் அவருக்கு.

வீட்டுக்கு வந்து ஜூலை என்று சொன்னதும் அக்கா விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடித்து, "வரட்டும், வரட்டும்" என்றாள்.

மார்ச் 15, சனி

அக்காவைக் கதிர்வீச்சுக்கு அழைத்துப் போனேன். முதுகெலும்பில் மூன்று இடத்தில் புற்று பரவியிருக்கிறது. அந்த வலியைக் குறைக்கத்தான் இது. குணமாக்க அல்ல. அதை டாக்டர் சுற்றி வளைத்துச் சொன்னார். நேராகச் சொல்லியிருக்கலாம்.

பாலம் இறங்கியதும் சாலை மோசம். தோண்டி மூடிய இடங்கள், மேடும் பள்ளமுமாக மருத்துவமனை வாசல் வரை. நான் மெதுவாகத்தான் போனேன். அக்கா ஏதோ கதை சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தேன். கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல் கணு எல்லாம் வெளுத்திருந்தது. பள்ளம் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள், சிரிப்பு வர வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. மனசுக்குள் டயரின் பக்கச் சுவர் எவ்வளவு உயரம் என்பதே ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

ஆய்வுக்கூடத்திலிருந்து அதிர்வு அளக்கும் சென்சார் இரண்டு எடுத்து வந்தேன். தீப்பெட்டி அளவுதான். அக்கா உட்காரும் சீட்டில் ஒன்று, சாய்மானத்தில் ஒன்று ஒட்டினேன்.

"என்னடா இது? என்னை ஸ்பின்ல போடப் போறியா?"

"அசையாம உக்காருக்கா. அளவு கெட்டுப் போகும்."

"சரிங்க சார். உங்க மெஷின் பேச மாட்டா சார்."

மருத்துவமனை போய்வந்து வரைபடம் போட்டுப் பார்த்தேன். பழைய வண்டி பஞ்சு மாதிரி. அதிலேயே அந்தப் பள்ளங்கள் கூராக, உயரமாக நிற்கின்றன. இருபது அங்குல வீல் என்றால் தரைக்கும் ரிம்முக்கும் நடுவே ரப்பர் நான்கு விரல் அகலம்கூட வராது. பதினெட்டில் அதைவிட ஒன்றரை விரல் கூடுதல். பத்தொன்பதையும் போட்டுப் பார்த்தேன், வித்தியாசம் போதவில்லை. இருபதில் இதே பள்ளம் இரண்டு மடங்குக்கு மேல் இடிக்கும். அவள் முதுகில்.

மார்ச் 22, சனி

அத்தான் சமையலறையில் என்னை ஓரங்கட்டினார். பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிற மனிதர். வகுப்பிலேயே குரலை உயர்த்த மாட்டாராம், வீட்டில் கேட்கவா வேண்டும்.

"நான் கேட்டேன்னு அவகிட்ட சொல்லாத. அந்தப் புது வண்டியில அவ உக்கார முடியுமா? ரொம்ப ஆசையா இருக்கா, அதான்..."

"நான் பாத்துக்கறேன் அத்தான்."

"இல்ல, இடிக்கும்னு நீயே ஒரு தடவை..."

"பாத்துக்கறேன்னு சொன்னேன்ல."

மார்ச் 24, திங்கள்

மாற்றிவிட்டேன். பதினெட்டு அங்குலம், சாதாரண டயர்.

ஷோரூம்காரர் தயங்கினார். "சார், பெரிய பிரேக் பதினெட்டுக்குள்ள அடங்காது. சின்ன பிரேக்தான் போடணும். அப்படின்னா ஃபாக்டரிக்கு அது வேற வண்டி சார். வரிசையில கடைசிக்குப் போயிடும். ஆகஸ்ட் கடைசி ஆயிடும். வீட்டுல ஒரு வார்த்தை கலந்துக்கிட்டு..."

"கலக்க என்ன இருக்கு? மாத்துங்க."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கணக்கு தெளிவாக இருக்கிறது. அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் இருபதுதான் வேண்டும் என்று குதிப்பாள். வண்டி வந்து, வலிக்காமல் உட்கார்ந்து பார்க்கட்டும், அப்புறம் தெரியும்.

ஏப்ரல் 10, வியாழன்

கதிர்வீச்சு முடிந்தது. அக்கா இன்று கிளினிக் போய் ஒருவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினாளாம். "கை நடுங்கலடா" என்று மேசைமேல் கையை விரித்துக் காட்டினாள். நடுங்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

வேலை. வேலை. வேலை.

மே 5, திங்கள்

ஸ்கேன் நன்றாக இல்லை. ஈரலிலும் இருக்கிறது.

எவ்வளவு நாள் என்று நான்தான் கேட்டேன். அத்தான் என் கையைப் பிடித்து இழுத்தார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நான் நாள் கணக்கு சொல்றதில்ல. தூரமா எதுவும் ப்ளான் வைக்காதீங்க."

"ஜூலை தூரமா டாக்டர்? தம்பி வண்டி வருது" என்றாள் அக்கா.

"ஜூலை... பாக்கலாம்மா. முடியும்."

ஆகஸ்ட்? ஆகஸ்ட் முடியுமா டாக்டர்? — இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் எதையும் கேட்டுவிடுகிற எனக்கு அது வரவில்லை.

மே 6, செவ்வாய்

காலையில் கடை திறந்ததும் போன். பழையபடி மாத்துங்க, இருபதே இருக்கட்டும்.

"அந்த இடத்தை அப்பவே வேற ஒருத்தருக்குக் கொடுத்தாச்சு சார். இப்ப மறுபடி மாத்தினா செப்டம்பரும் தாண்டும்."

கத்தினேன். எதை எதையோ சொன்னேன். ஃபாக்டரியை, அவர் கடையை, வரிசையைக் கண்டுபிடித்தவனை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "வீட்டுல யாருக்காவது உடம்பு முடியலையா சார்?" என்றார்.

போனை வைத்துவிட்டேன்.

வேறு எங்காவது ஒரு வண்டி தயாராக நிற்கிறதா என்று மதியம் வரை பத்து ஷோரூம் தேடினேன். இல்லை.

இப்போதாவது அவளிடம் சொல்ல வேண்டும். நாளைக்கு.

மே 24, சனி

சொல்லவில்லை. அவளே தெரிந்துகொண்டாள்.

ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தபோது அக்கா ஹால் சோபாவில் படுத்திருந்தாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. ஆனால் சிரிக்கிறாள். அத்தான் பக்கத்தில் குற்றவாளி மாதிரி தண்ணீர் டம்ளரோடு நின்றார்.

"எங்க போனீங்க?"

"ஷோரூம்" என்றாள். "டெமோ வண்டி இருக்காம். போன் பண்ணிக் கேட்டேன், வாங்க மேடம்னுட்டார். இருபது அங்குலம்டா! பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ரவுண்டு, அந்தப் பக்கம் ஒரு ரவுண்டு."

எனக்குத் தலைக்கு ஏறியது. "உனக்கு அறிவிருக்கா? முதுகு என்ன கதியில இருக்கு, அத்தான், நீங்களாவது சொல்ல வேணாமா?"

"வலிச்சுது" என்றாள் அக்கா. "உயிரே போச்சு. ஆனா வண்டி இடிச்சு வலிச்சுதுடா. நோய் வலிக்கல. அந்த ரெண்டுக்கும் வித்தியாசம் உனக்குத் தெரியாது. ரோட்டுல போற எல்லாருக்கும் இடிக்கற மாதிரி எனக்கும் இடிச்சுது. அவ்வளவுதான்."

பையைக் கீழே வைத்தேன்.

"நீ பதினெட்டு மாத்தினதை ஷோரூம்காரர் சொன்னார். எனக்குத் தெரியும்னு நெனச்சு. எதுக்கு மாத்தின?"

"உனக்கு வலிக்கக் கூடாதுன்னு."

"சரி. என்னைக் கேட்டியா?"

"அளந்து பாத்தேன்க்கா. ரெண்டு மடங்கு..."

"சென்சார்கிட்ட கேட்ட. அது என் முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவுலதான் இருந்துச்சு. நான் அதுக்கு ஒரு ஜாண் மேல வாயை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். என்கிட்ட கேக்கல."

அத்தான், "விடும்மா" என்றார்.

"விட்டாச்சு" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். அப்புறம், "அந்த ஆள் நல்லாத்தான் ஓட்டினார். ஆனா அவர் மூஞ்சியைப் பாத்து நான் என்ன பண்ண? நீ முதல்ல மிதிக்கும்போது உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கத்தான் ஜூலை ஜூலைன்னு இருந்தேன்."

மாடிக்கு வந்துவிட்டேன். என்ன படிப்புப் படிச்சேன் நான்? முதுகு மட்டும் தனியா வண்டியில ஏறுமா? அவ ஏறுவா. முழுசா. வாயோட, சிரிப்போட. ஒரு வார்த்தை — ஒரே வார்த்தை கேட்டிருந்தா ஜூலைல வண்டி வந்திருக்கும்.

ஜூன் 14, சனி

ஹாலில் கட்டில் போட்டாயிற்று. தலைப்பக்கம் உயர்த்தும் வகை. இறக்கும்போது குலுங்குகிறது. கருவியை எடுத்துக்கொண்டு போனேன். பாதியில் நின்று, "சரி பண்ணட்டுமா, இப்படியே இருக்கட்டுமா?" என்றேன்.

"பண்ணு. இது மட்டும் பண்ணு" என்றாள்.

ஜூலை 3, வியாழன்

வண்டி வந்திருக்க வேண்டிய வாரம்.

இன்று அக்கா ஜன்னலோர நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்ந்த பிறகும் கட்டிலுக்கு வர மாட்டேன் என்றாள். முக்கால் மணி நேரத்தில் ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்திருக்கலாம்.

ஜூலை 12, சனி

"பதினெட்டு எப்படி இருக்கும்னு சொல்லு."

சொன்னேன். பள்ளத்தில் இறங்கும்போது ரப்பர் முதலில் தானே மடங்கிக்கொடுக்கும், ரிம்முக்கு எதுவும் போகாது, ஸ்பிரிங் பாதியை வாங்கிக்கொள்ளும், நமக்கு வந்து சேரும்போது தோளில் தட்டுவது போலத்தான் இருக்கும். திருப்பத்தில் ஒரு நொடி தாமதமாகத் திரும்பும்.

"தாமதமா?"

"ஒரு நொடிகூட இல்ல. ரொம்பக் கொஞ்சம்."

"பரவால்ல. எனக்கென்ன அவசரம்."

அப்புறம், "நீ சொல்றதே தாலாட்டு மாதிரி இருக்குடா" என்று தூங்கிவிட்டாள்.

ஜூலை 24, வியாழன்

அக்கா போயிட்டா.

ஆகஸ்ட் 9, சனி

ஒன்றும் எழுத வரவில்லை.

கிளினிக்கைக் காலி செய்தோம். அந்தப் பெரிய சாய்வு நாற்காலியை வாங்கிப் போக வந்தவர், "நல்லா வேலை செய்யுதா?" என்று கேட்டார். அத்தான் அதில் படுத்துக் காட்டினார். எழுந்திருக்க வெகு நேரம் ஆயிற்று.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஷோரூம்காரர் கூப்பிட்டார். வண்டி வந்துவிட்டதாம். "மேடம் எப்படி இருக்காங்க?"

சொன்னேன்.

 பிறகு, "நீங்க வர்றப்ப வாங்க சார். எத்தனை நாள் ஆனாலும் நான் மூடி வெச்சிருக்கேன்" என்றார். அவருக்கு நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அத்தானிடம் சொன்னேன். "எனக்கு வேண்டாம் அத்தான்." அவர் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "நானும் வரேன், சனிக்கிழமை போவோம்" என்றார்.

ஆகஸ்ட் 30, சனி

எடுத்துவிட்டோம்.

டயருக்குக் காற்று சரிபார்த்த மெக்கானிக், கதவோரம் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தபடி, "எத்தனை பேர் போவீங்க சார்? ஆள் கணக்குக்குத் தகுந்த மாதிரி அளவு மாறும்" என்றார்.

"ரெண்டு பேர்" என்றேன்.

இரண்டே கதவு உள்ள வண்டி. அத்தான் வந்தார். என் பக்கக் கதவைத் திறந்தார், என் சீட்டை மடக்கினார், குனிந்து பின்னால் ஏறினார். ஆறடிக்கு மேல் உயரம். பின் சீட் என்பது பேருக்குத்தான், பை வைக்கிற இடம். தலை கூரையில் இடிக்க, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மெக்கானிக் ஏதோ சொல்ல வந்தார். ஷோரூம்காரர் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

வண்டியைக் கிளப்பினேன். அத்தானின் முழங்கால் இரண்டும் என் முதுகில் அழுத்தின. பக்கத்து சீட் காலியாகவே இருந்தது, முதல் சவாரி அக்கா கேட்டது. முன்னால் வரச் சொல்லி அவரைக் கேட்கவில்லை. என் சீட்டை முன்னுக்கு இழுத்தேன். இன்னும் கொஞ்சம் இழுத்தேன். ஸ்டீயரிங் நெஞ்சில் இடித்தது.

"இப்ப சரியா இருக்கா அத்தான்?"

"இருக்கு. நீ போ."

அப்படியே வீடு வந்து சேர்ந்தோம்.