கோபம் மட்டும் என்னுடையது

ஜனவரி 22

காலை வகுப்பு முடிவதற்குள் மூன்று பாட்டில் தண்ணீர். பெட்ரோல் பங்க், பேருந்து நிலையம், மறுபடி பெட்ரோல் பங்க். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேனா, கழிவறை தேடி ஊர்வலம் போகிறேனா? ஸ்டியரிங் பிடித்திருந்த வங்கிக்காரம்மா, "மேடம், சுகர் பார்த்தீங்களா?" என்றாள். பார்த்தாச்சு. சர்க்கரை இல்லை. ஆனால் திடீரென்று வியர்க்கிறது, உடனே குளிர்கிறது. மாதவிலக்கு நின்றுபோய் எத்தனையோ மாதம், முப்பத்தாறு வயசில். சாப்பிட்டுக் கைகழுவும்போதே பசி.

அண்ணன் என் பாட்டிலையே பார்க்கிறான்.

பிப்ரவரி 6

அண்ணனும் நானும் சேர்ந்து ஆரம்பித்த டிரைவிங் ஸ்கூல் இது. பலகையில் ரெண்டு பேர் பெயரும் இருக்கு. அந்தப் பலகைக்குக் கீழேயே நிற்கவைத்து, மாணவர்கள் பார்க்க, மூக்கை என் முகத்துக்கிட்ட கொண்டுவந்து, "ஊது" என்றான்.

"எதுக்குண்ணா?"

"ஊதுன்னா ஊது. பாட்டிலும் கையுமாத் திரியுற. எல்லாரும் கேக்குறாங்க."

ஊதினேன். மோப்பம் பிடித்தான். ஒன்றும் இல்லை என்று தெரிந்தது அவனுக்கு. நல்லாத் தெரிஞ்சுது! ஆனாலும் உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போனான். ஸ்கூலை ஒட்டியிருக்கும் வீட்டு ஜன்னலில் மகளோடு அண்ணி. அவளும் வாய் திறக்கவில்லை.

பிப்ரவரி 7

ஊதினேனே. ஏன் ஊதினேன்?

பிப்ரவரி 27

இடதுபக்கம் நின்ற ஸ்கூட்டரைச் சத்தியமாக நான் பார்க்கவில்லை. ரிவர்ஸ் எடுத்தேன், இடித்தேன். யாருக்கும் அடியில்லை. அண்ணன் சாவியைப் பிடுங்கினான். "குடிச்சிட்டு வண்டியத் தொட்டா இப்படித்தான்."

தெரு முழுக்கப் பரவிவிட்டது. அவ குடிக்கிறாளாம். ஆமாய்யா, குடிக்கிறேன், தண்ணிதான் என்றால் அதற்கும் சிரிக்கிறார்கள். நம்ம பாஷையே எனக்கு எதிரா சாட்சி சொல்லுது.

அவன் வீட்டு மாடியில் குடியிருந்ததைக் காலி செய்துவிட்டேன். பலகையில் என் பெயர் மேல் பெயிண்ட் அடித்திருக்கிறான். விடமாட்டேன்டா உன்னை.

மார்ச் 19

ஸ்கேன் படத்தில் ஒரு வெள்ளைக் கட்டி. டாக்டரம்மா பேனா முனையால் காட்டினார். மூளைக்கு அடியில் பாதாம்பருப்பு அளவில் ஓர் இடம், ஹைப்போதலாமஸ். தாகம், பசி, தூக்கம், உடம்புச் சூடு எல்லாம் அதன் நிர்வாகம். அதற்குக் கீழே தொங்கும் பட்டாணி போன்ற பிட்யூட்டரிக்கு அதுதான் உத்தரவு போடும். பிட்யூட்டரி மற்ற சுரப்பிகளை வேலை வாங்கும். மாதவிலக்குகூட அங்கிருந்து வரும் கட்டளையாம்.

"சிறுநீரகத்துக்கு, 'தண்ணிய வெளிய விடாதே'ன்னு சொல்றதுக்கு ஒரு ஹார்மோன் இருக்கும்மா. அது அங்கதான் உருவாகுது. உங்களுக்கு அது வரல. குடிக்கக் குடிக்கப் போயிட்டே இருக்கு. கட்டி கண் நரம்பையும் அழுத்துது. அதான் ஓரத்துல இருக்கிறது தெரியல."

ஸ்கூட்டர்.

அப்புறம் கேட்டார்: "கோபம் அதிகமா வருதா?"

"வருது."

"அதுவும் இந்தக் கட்டியால இருக்கலாம். ஆபரேஷனுக்கு அப்புறம் குறையலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லார் முன்னாலும் ஊதச் சொன்னதுக்கு வந்த கோபம் கட்டியால் வந்ததா? தாகத்தை எடுத்துக்கோங்க, பசியை எடுத்துக்கோங்க. இதை விட்டுடுங்க. இதுவும் போய்ட்டா, அவன் பண்ணினதெல்லாம் சும்மாவா?

ஏப்ரல் 11

கட்டியை மூக்கு வழியாகவே எடுத்துவிட்டார்கள். தலை கனக்கிறது.

மே 3

காலையில் எழுந்ததும் ஒரு மாத்திரை, தைராய்டுக்கு ஒன்று, தாகத்துக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே. தண்ணீர் தம்ளர் மேஜைமேல் அப்படியே இருக்கிறது. எனக்கு அது ஞாபகமே வரவில்லை! பசி அடங்கியிருக்கிறது. வியர்வை இல்லை. ஓரப்பார்வை மெல்லத் திரும்புகிறது.

கண்ணை மூடி அண்ணன் முகத்தை நினைத்துப் பார்த்தேன்.

இருக்கு. அப்படியே இருக்கு. முன்னால் கொதித்தது, இப்போது உறைந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மே 20

ஆப்பிளோடு வந்தான். "உடம்புக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"எல்லார் முன்னாடியும் ஊதச் சொன்னல்ல? அதே இடத்துல, எல்லார் முன்னாடியும், 'என் தங்கச்சி குடிக்கல, நான்தான் பொய் சொன்னேன்'னு உன் வாயால சொல்லு."

"விளையாடுறியா? என் மானம் என்ன ஆகுறது?"

"என் மானத்த என்ன பண்ணினியோ, அதே ஆகட்டும்."

எழுந்து போய்விட்டான்.

ஆகஸ்ட் 29

கண் டாக்டர் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவன் வாசலுக்கு நேர் எதிரே கடை பிடித்தேன். பலகையில் என் பெயர் மட்டும், பெரிய எழுத்தில். முதல் ஆளாக வங்கிக்காரம்மா தன் தங்கையைச் சேர்த்துவிட்டாள்.

செப்டம்பர் 15

அண்ணி வந்தாள். "எனக்கு ஓட்டக் கத்துக்குடு."

டிரைவிங் ஸ்கூல்காரன் பெண்டாட்டி. இன்றுவரை ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. கேட்டால், "உனக்கெதுக்கு, நான் இருக்கேன்ல" என்பானாம்.

"அன்னைக்கு ஜன்னல்ல நின்னு பார்த்துட்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை பேசல" என்றாள்.

மன்னிப்பா? கேட்கட்டும். எனக்கு வேண்டியது வேறு. அவளை ஓட்டவைத்து, தினமும் அவன் வாசல் வழியாகத்தான் போவேன். எரியட்டும் வயிறு.

அக்டோபர் 4

அவன் வாசலில் வண்டி ஆஃப் ஆகி ஆகி நின்றது. "ஹார்ன் அடிங்க அண்ணி." அடித்தாள். அவன் வெளியே வந்தான். அவன் மாணவர்களும் வந்தார்கள். அந்த முகம் — ஆகா. இன்றைக்கு ராஜதூக்கம்.

நவம்பர் 30

அண்ணிக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. "வாங்க, அவன் முகத்துக்கு நேரா காட்டிட்டு வரலாம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்: "உன்னை ஒரு நாள்தான் ஊதச் சொன்னார். என்னைத் தினம் தினம்..."

முடிக்கவில்லை. அதற்கப்புறம் அவன் வாசல் பக்கம் திருப்பச் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் தூரமாக ஓட்டப் பழக்கினேன்.

டிசம்பர் 12

காலையில் அண்ணன் போன். அண்ணி இல்லை, மகள் இல்லை, வீட்டுக் காரும் இல்லை.

"அவ எங்க போனா? உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"சொல்லு."

"சொல்லமாட்டேன்."

கத்தினான். பிறகு அழுதான். "நான் உன் அண்ணன்டீ..."

இரக்கம் வருகிறதா என்று பொறுமையாகப் பார்த்தேன். வியர்க்கவில்லை. குளிரவில்லை. உடம்பில் எல்லாம் அளவோடு இருந்தன.

அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். போனை மேஜைமேல் வைத்துவிட்டு, ஒன்பது மணி வகுப்புக்கு வண்டியை எடுத்தேன்.