பிறந்த வருஷத்தைத் திருத்தும் அதிகாரம்

1976 ஜூலை 12, திங்கள்
மழை. ஆபீஸ் கூரை இரண்டு இடத்தில் ஒழுகல். ரெக்கார்டு அறை அலமாரியில் எஸ்டேட் மேனேஜர் துரை ஒட்டிவிட்டுப் போன புது உத்தரவு. ஆள் பதிவேட்டை நான் பார்க்கலாம், அவ்வளவுதான். எழுத, திருத்த ஹெட்கிளார்க் தங்கையா மட்டும். வேறு யாருக்காவது அனுமதி கொடுக்க துரை ஒருவரே. துரை கொச்சியில், வெள்ளிதான் வருவார். ஹெ.கி. காய்ச்சலில் லீவு. சாவி மட்டும் என்னிடம். என்னத்துக்கு?

தேயிலைக் கொழுந்து எடுக்கும் பொன்னுத்தாய் வந்தாள். வியாழன் தபாலில் போகும் ஓய்வுப் பட்டியலில் அவள் பெயர். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். பதிவேட்டில் பிறந்த வருஷம் 1918. அவள் கையில் ஞானஸ்நானச் சீட்டு: 1928.

"எனக்கு அம்பத்தெட்டுன்னா, எங்கம்மை என்னப் பெத்தப்போ அவளுக்கே எட்டு வயசுய்யா!"

சிரிப்பு வரவில்லை.

13, செவ்வாய்
பல்வலி. கிராம்பு வாங்கணும். போன் லைன் மழையில் அவுட், துரையைப் பிடிக்க வழியில்லை.

பதிவேட்டை மறுபடி பார்த்தேன். 1918. அந்த எழுத்து என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய நோட்டைப் பார்த்து எழுதியது நான். தப்பாக எழுத அன்றைக்கு யாரும் தடுக்கவில்லை. திருத்தத்தான் இப்போது அதிகாரம் இல்லை.

பேனாவைத் திறந்தேன். மூடினேன். ஹெ.கி. கையெழுத்து இல்லாவிட்டால் திருத்தம் செல்லாது. கள்ளச் சீட்டு கொண்டுவந்தாள் என்று அவளையும் சொல்வார்கள்.

14, புதன்
ஹெ.கி. வீடு.

"பதிவேட்ட இங்க கொண்டாரும், போட்டுத் தாரேன்."

"அறைய விட்டு வெளிய எடுக்கக் கூடாதே அண்ணாச்சி."

"அப்ப என் கையெழுத்த நீரே போடும்."

"நல்லா இருக்கே!"

கடைசியில் அவருக்குக் கம்பளியைச் சுற்றி எஸ்டேட் ஜீப்பில் ஏற்றினேன். அவர் வீட்டம்மா பார்த்த பார்வை! ரெக்கார்டு அறையில் உட்கார்ந்து 1918ஐ அடித்து, 1928 எழுதி, கையெழுத்துப் போட்டார். பட்டியலிலிருந்தும் பெயரை அடித்தாயிற்று. பொன்னுத்தாய் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

16, வெள்ளி
துரை வந்துவிட்டார்.

"லீவில் இருக்கிறவர் எப்படி எழுதலாம்? யார் கூட்டி வந்தது?"

நான்தான் என்றேன். பழைய தப்பும் என் கைதான் என்றேன். பொன்னுத்தாயை வரவழைத்துச் சீட்டைப் பார்த்தார். திருத்தம் நிற்கட்டும் என்று பக்கத்தில் கையெழுத்து. பிறகு என்னிடம் கையை நீட்டினார். சாவி போயிற்று. உத்தரவில் என் பெயர் மேல் சிவப்புக் கோடு.

17, சனி
மழை விட்டிருக்கு. ஆபீஸ் வாசலில் ஏழு பேர், ஆளுக்கொரு சீட்டு.

"பொன்னுத்தாய்க்குப் பாத்த மாதிரி எங்க வருசத்தையும் பாருங்கய்யா. எல்லாம் நீங்க எழுதினதுதானாமே?"